உடலெழுத்தும் வாழ்வுரிமையும்: கோத்னா மரபின் மூன்று வரலாற்று நிலைகள்

முன்னுரை

உடலில் ஊசியால் குத்திச் சாயமேற்றும் வழக்கத்தைத் தமிழர் பச்சை குத்துதல் என்பர். இந்தியில் அது கோத்னா எனப்படும். குத்துதல் என்னும் வினையே இரு பெயர்க்கும் அடிப்படை. தமிழ்ப் பெயர் நிறத்தையும் சேர்த்துச் சுட்டுகிறது. தோலின் உள்ளடுக்கில் தங்கும் சாயம் வாழ்நாள் முழுதும் நிலைக்கும். இந்நிலைபேறே ஒருவருக்குப் பெருமிதத்தையும் மற்றொருவருக்குத் தீராப் பழியையும் தரவல்லது. பச்சைக்குறி தன்னம்பிக்கையையும் தொழில் வாழ்வையும் எவ்வாறு பாதித்தது என்பதனை மூன்று வரலாற்று நிலைகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

1. அரசு எழுதிய நெற்றியெழுத்து

1797ஆம் ஆண்டு வங்காள ஒழுங்குவிதி, ஆயுள் தண்டனை பெற்றோரின் நெற்றியில் பெயர், குற்றம், தீர்ப்பு நாள், நீதிமன்றம் ஆகியவற்றை வட்டார மொழியில் பச்சை குத்த வகை செய்தது. பின்னர் இத்தண்டனை பொய்ச்சான்று, போலி ஆவணம் ஆகிய குற்றங்களுக்கும் விரிந்தது. சென்னை மாகாணமும் இம்முறையை மேற்கொண்டது. ஊழைத் தலையெழுத்து என வழங்குவது தமிழ் மரபு. ஈண்டு அச்சொல் உருவகமாகாது நேர்ப்பொருளிலேயே நிகழ்ந்தது எனலாம்.

பினாங்கு, சிங்கப்பூர், மொரீசியசு முதலிய இடங்களுக்கு நாடுகடத்தப்பட்டோர் இவ்வெழுத்தைத் தலைப்பாகையாலும் முடியாலும் மறைத்தனர். இச்செய்திகளைக் கிளேர் ஆண்டர்சன் 2004இல் வெளியிட்ட ஆய்வுநூல் விரிவாகத் தருகிறது. மறைக்கும் முயற்சியே அக்குறியின் வலிமைக்குச் சான்று. தண்டனைக் காலம் முடியலாம், நெற்றி முடிவதில்லை. வேலை தேடிச் செல்பவனுக்கு முன்னரே அவன் குற்றம் சென்று சேர்ந்துவிடுகிறது. இத்தண்டனை 1849இல் சட்டத்தால் நீக்கப்பட்டது.

எனினும் அடையாளப்படுத்தும் வேட்கை அடங்கவில்லை. 1871இல் குற்றப் பழங்குடிச் சட்டமும், 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பணியகமும் தோன்றின. தமிழகத்தில் பச்சை குத்துதலைத் தொழிலாகக் கொண்ட மகளிர் பெரும்பாலும் குறவர் இனத்தவர். அவ்வினத்தின் பல பிரிவுகளே சென்னை மாகாணத்தில் இச்சட்டத்தின்கீழ்க் கொணரப்பட்டன என்பது கருதத்தக்கது. பிறர்க்குக் குறியிட்டோர்மீது அரசு பிறவிக்குறி இட்டது. நாடு முழுவதும் இச்சட்டம் நீங்கியது 1952இல்தான்.

2. தாமே எழுதிக்கொண்ட நாமம்

இதற்கு நேர்மாறான நிலையைச் சத்தீசுகட்டின் இராம்நாமியரிடம் காண்கிறோம். 1890களில் சார்பாரா என்னும் சிற்றூரில் பரசுராம் என்பவர் இவ்வியக்கத்தைத் தொடங்கினார். கோயில் நுழைவு மறுக்கப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்களே இதன் உறுப்பினர். இராமநாமத்தைத் தேவநாகரி எழுத்தில் உடலெங்கும் பச்சை குத்திக்கொள்வது இவர் நெறி. நெற்றியில் கொண்டோர் சிரோமணி எனவும், தலைமுதல் கால்வரை கொண்டோர் நக்சிக் எனவும் பெயர் பெறுவர்.

ஒரே நெற்றி, ஒரே ஊசி. ஆயினும் முன்னதில் எழுதியது அரசு; பின்னதில் எழுதியோர் தாமே. கோயிற் கதவை அடைக்கலாம். தோலில் பதிந்த நாமத்தை எவராலும் பறிக்க இயலாது. எழுத்தறிவு மறுக்கப்பட்டோர் தம் உடலையே ஏடாக்கியமையும் இங்கு நோக்கத்தக்கது. தன்மதிப்பின் வெளிப்பாடாக இதனினும் வலிய சான்று காண்டல் அரிது.

இன்றைய இளைஞரோ உடல் முழுதும் குத்திக்கொள்ளத் தயங்குகின்றனர். கல்விக்கும் வேலைக்கும் வெளியூர் செல்வோர்க்கு அக்குறி இடையூறாகும் என்னும் அச்சமே காரணம். அவருட் பலர் சிறிய குறியோடு நிறைவுறுகின்றனர்.

3. தோலிலிருந்து தாளுக்கு

பீகாரின் மதுபனிப் பகுதியில் மூன்றாவது நிலை அமைந்தது. சித்வார்பூரைச் சேர்ந்த துசாத் என்னும் தலித் சமூகப் பெண்கள், 1970களில் செருமானிய மானிடவியலார் எரிகா மோசரின் ஊக்கத்தால், தம் பச்சைக் கோலங்களைத் தாளில் வரையத் தொடங்கினர். இவருள் முன்னோடி சானோ தேவி. மேற்சாதியினரின் ஓவிய மரபிலிருந்து வேறுபட்ட இப்பாணி கோத்னா என்றே பெயர் பெற்று, அவர்க்கு வருவாயையும் கலைஞர் என்னும் தகுதியையும் ஈட்டித் தந்தது. தாழ்வின் அடையாளமாகக் கருதப்பட்ட குறியே தொழிலாயிற்று.

இன்றைய நிலை

ஆள்சேர்ப்பு விதிகள் இன்றும் தோலைப் படிக்கின்றன. மத்திய ஆயுதக் காவல் படைகளின் அறிவிப்புகள் சமயக் குறிகளையும் பெயர்களையும் ஏற்கின்றன. ஆயின் அவை இடக்கையின் உட்புறத்திலோ புறங்கையிலோ, அவ்வுறுப்பின் நான்கில் ஒரு பங்கினும் குறைவாக இருத்தல் வேண்டும். தரைப்படை பழங்குடியினரின் மரபுக்குறிகளுக்கு விலக்களிக்கிறது. பட்டியல் சாதியினரான இராம்நாமியர்க்கு அவ்விலக்குப் பொருந்தாது. குறியின் பொருளை ஏற்கும் விதி, அதன் இடத்தையும் அளவையும் கொண்டு அவரை விலக்குகிறது.

முடிவுரை

பச்சைக்குறி தன்னளவில் உயர்வோ இழிவோ உடையதன்று. எழுதியவர் யார், படிப்பவர் யார் என்னும் இரண்டே அதன் பயனை உறுதி செய்கின்றன. எழுதும் உரிமையை இராம்நாமியர் மீட்டனர். படிக்கும் உரிமை இன்றும் வேலை தருவோரிடமே உள்ளது. ஒரு தலைமுறையின் பெருமிதம் அடுத்த தலைமுறையின் தயக்கமானதற்கு இதுவே காரணம். மரபுக்குறிகளுக்கான விலக்கு, பட்டியலைப் பாராது வழக்கின் தொன்மையையும் அதன் சமூகக் காரணத்தையும் நோக்கி அமைதல் வேண்டும் என்பது இவ்வாய்வின் முடிபாகும்.