ஊர்க்கணக்கன் காட்டிய நெறி

நகரசபை, பஞ்சாயத்து முதலிய ஸ்தல ஸ்தாபனங்களிற் புதிதாக உத்தியோகம் ஏற்கும் நம் குலத்து இளைஞர்க்கு உத்தரமேரூர்க் கல்வெட்டொன்றை நினைவூட்ட விரும்புகின்றோம். முதற் பராந்தக சோழனது 14-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 921-இல், அவ்வூர்ச் சபையார் செய்த ஏற்பாடு அது. குடவோலை முறையை அறியாதார் இலர். ஊர்க்கணக்கனைப் பற்றிய விதியையோ பலர் கருதுவதில்லை. நேர்மையாகப் பொருளீட்டுவோனே கணக்கெழுதற்குரியன். தான் எழுதிய கணக்கைத் தானே காட்டி, ‘சுத்தன்’ என்று பெரியோர் ஏற்றபின்னரன்றி, அவன் மீண்டும் அவ்வேலையிற் புகலாகாது. பிறிதொரு கணக்கனைக் கொண்டு அதனை முடித்தலும் கூடாது.

அது பிராமணர் சபை. நம் முன்னோர்க்கு அதில் இடமில்லை. இன்று வாயில் திறந்துளது. ஆயினும் நியமன உத்தரவு நாற்காலியைத் தருமேயன்றிச் சுத்தனென்னும் பெயரைத் தாராது. பொறுப்பை ஒப்புவிக்கும் நாளில் நம் பிள்ளைகள் தம் கணக்கைத் தாமே விரித்துக் காட்டுவாராக. நம் சங்கக் கணக்கிற்கும் இவ்விதியே பொருந்தும்.