அரசாங்க ஊழியரும் அரசியலும்: இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றின் ஒரு முரண்பாடு

இலங்கையில் அரசாங்க ஊழியர் வேலைநிறுத்தத்தில் இறங்கும் போதெல்லாம் இரு கூற்றுகள் தவறாது எழுகின்றன. தொழிற்சங்கங்கள் அரசியற் கட்சிகளின் கருவிகளாகிவிட்டன என்பது ஒன்று. மக்களின் வரிப்பணத்திற் சம்பளம் பெறுவோர் அம்மக்களையே வருத்துகின்றனர் என்பது மற்றொன்று. இவற்றுக்கு மறுமொழி கூறுவோரும், பெரும்பாலும், தொழிற்சங்கம் அரசியல் சாராதது, சம்பளத்திற்காக மட்டுமே போராடுவது என்று வாதிட முற்படுகின்றனர். இருசாராரும் ஒரே தவறான எடுகோளிலிருந்தே தொடங்குகின்றனர் என்பது எமது கருத்து. அரசே வேலைகொள்வோனாக இருக்கையில் அரசியல் சாராத தொழிற்சங்கம் என ஒன்று இருத்தல் இயலாது. எனவே அது அரசியலில் ஈடுபடலாமா என்பதன்று கேள்வி. யாருடைய அரசியலில், யாரை உள்ளடக்கிய அரசியலில் ஈடுபட்டது என்பதே கேள்வி. அக்கேள்வியை 1947 தொடக்கம் 1980 வரையான நிகழ்ச்சிகளை முதன்மையாகக் கொண்டு இங்கு நோக்குவோம்.

அரசாங்க எழுதுவினைஞன் குடியேற்ற ஆட்சியின் படைப்பு. ஆங்கிலக் கல்வி பெற்று, கச்சேரியிலும் புகையிரதப் பகுதியிலும் தபாற் கந்தோரிலும் கோவைகளைக் கட்டிக்காத்த இவ்வர்க்கத்தினர் தம்மைத் தொழிலாளர் எனக் கருதினாரல்லர். வளங்குன்றிய யாழ்ப்பாணத்திலே மிசனரிப் பாடசாலைகள் திறந்துவிட்ட வழி இதுவொன்றே. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்ற யாழ்ப்பாணத்து முதுமொழி நகைச்சுவையாக வழங்கினும், ஒரு சமூகத்தின் பொருளியல் வாழ்வு முழுவதையும் அது சுருக்கிக் கூறுகின்றது. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் சீதனச் சந்தையில் மதிப்பும் தந்த உத்தியோகம், அதனைத் தந்த ஆட்சிக்கு விசுவாசத்தையும் வேண்டி நின்றது. 1935 ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் தொழிற்சங்கங்களுக்குச் சட்ட அந்தஸ்து வழங்கியது. ஆயினும், ஏனைய தொழிலாளருக்கு இருந்த உரிமைகள் அரசாங்க ஊழியருக்கு முழுமையாகக் கிட்டவில்லை. அரசனுடைய சேவகன் அரசனோடு பேரம்பேசலாகாது என்பதே அதன் உட்கிடை.

இரண்டாம் உலகப் போர் இவ்விசுவாசத்தின் பொருளியல் அடித்தளத்தைத் தகர்த்தது. விலைவாசி ஏறியது, நிலையான சம்பளத்தை நம்பியிருந்தோர் தம் வறுமையை வெள்ளை உடைக்குள் மறைக்க முடியாத நிலை தோன்றியது. 1946 ஒக்டோபர் வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்து 1947 மே, யூன் மாதங்களில் மீண்டும் பொது வேலைநிறுத்தம் வெடித்தது. இம்முறை அரசாங்க எழுதுவினைஞர் சங்கம் அதன் முன்னணியில் நின்றது. சம்பள உயர்வு மட்டுமன்றி முழுமையான தொழிற்சங்க உரிமையும் அரசியல் உரிமையும் கோரப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. யூன் 5 ஆம் திகதி தெமட்டகொடையில் ஊழியர் ஊர்வலத்தின்மீது பொலிசார் சுட்டதிற் கந்தசாமி என்ற எழுதுவினைஞர் உயிரிழந்தார். அதே மாதத்திற் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது.

இச்சட்டத்தின் பிறப்பு ஆழ்ந்து சிந்திக்கற்பாலது. சுதந்திர இலங்கையில் அவசரகால ஆட்சிகள் யாவற்றுக்கும் ஊற்றுக்கண்ணாக விளங்கியது இச்சட்டமே. பிற்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் மக்கள் அனுபவித்த அவசரகால விதிகள் முதலில் ஆக்கப்பட்டது ஒரு வேலைநிறுத்தத்தை அடக்குதற்காக என்பதை எமது அரசியல் வரலாற்றாசிரியர் பலர் கவனத்திற் கொள்வதில்லை. 1948 இற் கொண்டுவரப்பட்ட தொழிற்சங்கத் திருத்தச் சட்டம் அரசாங்க ஊழியர் சங்கங்கள் அரசியல் நோக்கங் கொள்வதையும், ஏனைய தொழிலாளர் சங்கங்களோடு இணைவதையும் தடுத்தது. அதே ஆண்டில் நிறைவேறிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. கந்தோர்த் தொழிலாளியைத் தனிமைப்படுத்திய பாராளுமன்றமே தோட்டத் தொழிலாளியையும் வெளியே தள்ளியது. இவ்விரண்டையும் ஒரே வர்க்கத்தின் இரு நடவடிக்கைகளாகக் காணும் ஆற்றல் அன்றைய யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கத்திற்கு இருக்கவில்லை.

1947 வேலைநிறுத்தத்தின்பின் பதவி நீக்கப்பட்டவர்களுள் சங்கத்தின் தலைவர் ரி. பி. இலங்கரத்தினாவும் ஒருவர். அவரே 1956 இற் பண்டாரநாயக்கா அரசாங்கத்தின் தொழில் அமைச்சரானார். பின்னர் வர்த்தக அமைச்சராகப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் தோற்றத்திற் பெரும் பங்காற்றினார். 1958 இல் பஸ் சேவையும் துறைமுகச் சரக்குப் பணிகளும் அரசுடைமையாயின. 1961 இல் இலங்கை வங்கி தேசியமயமாக்கப்பட்டு, மக்கள் வங்கியும் நிறுவப்பட்டது. இவற்றாற் பொதுத்துறைத் தொழிலாளரின் தொகையும் பலமும் பெருகின. தொழிற்சங்கச் செல்வாக்கு நாட்டைக் கெடுத்தது என்போர், இலவச வைத்தியமும் பொதுப் போக்குவரத்தும் நாட்டின் கடைக்கோடிக் கிராமம்வரை சென்ற காலமும் இதுவே என்பதை மறைத்துவிடுகின்றனர்.

ஆயினும், வரலாறு எமக்குச் சாதகமான பக்கத்தை மட்டும் காட்டுவதன்று. அதே 1956 இற் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. பாராளுமன்றத்தில் லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் அதனை எதிர்த்தன. ஆனால் சட்டம் நேரடியாகத் தாக்கியது கந்தோரிலிருந்த தமிழ் ஊழியனையே. சிங்களத் தேர்ச்சி பெறாவிடிற் சம்பள ஏற்றமில்லை என்ற விதி ஒரு மொழிப் பிரச்சினை மட்டுமன்று. தொழில் நிபந்தனையை வேலைகொள்வோன் ஒருதலையாக மாற்றிய தொழிற்சங்கப் பிரச்சினையும் ஆகும்.

கேகாலைக் கச்சேரியிற் பணியாற்றிய கோடீஸ்வரன் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962 இல் அவரது சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில் 1964 இல் மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1967 இல் உயர் நீதிமன்றம் மொழிச்சட்டம் அரசியல் யாப்புக்கு முரணானதா என்பதை ஆராயாது, அரசாங்க ஊழியர் தம் சம்பளத்தைக் கோரி முடிக்கு எதிராக வழக்காட முடியாது எனத் தீர்த்தது. 1969 இல், அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றாகிய இலண்டன் கோமறைக் கழகம் இத்தீர்ப்பை மாற்றி, சம்பளம் கோரி வழக்காடும் உரிமை ஊழியனுக்கு உண்டென்றது. மொழிச்சட்டம் பற்றிய கேள்வி திருப்பியனுப்பப்பட்டது. 1972 இன் புதிய யாப்பின்பின் அதற்கு விடை கிடைக்கவேயில்லை.

இவ்வழக்கைத் தமிழர் உரிமைப் போராட்டத்தின் ஓர் அத்தியாயமாக மட்டும் வாசித்தல் எமது வழக்கமாகிவிட்டது. ஆனால் 1967 தீர்ப்பு சிங்கள எழுதுவினைஞனையும் அரசின் முன் உரிமையற்றவனாக்கியது. 1969 தீர்ப்பு அவனுக்கும் உரிமை தந்தது. நாட்டின் அரசாங்க ஊழியர் அனைவருக்குமான ஓர் உரிமையை ஒரு தமிழ் ஊழியர் நீதிமன்றத்தில் ஈட்டினார். நாட்டின் பெருந் தொழிற்சங்கங்கள் அதனைத் தமது வழக்காகக் கொள்ளவில்லை.

இதற்கான காரணத்தை 1963, 1964 நிகழ்ச்சிகளிற் காணலாம். அரசாங்க, தனியார், தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் 21 கோரிக்கைகளின்கீழ் ஒன்றிணைந்தன. கந்தோரும் தோட்டமும் ஓரணியில் நின்ற அரிய வேளை அது. 1964 யூனிற் சமசமாஜக் கட்சி கூட்டரசாங்கத்திற் சேர்ந்து, என். எம். பெரேரா நிதி அமைச்சரானதும் அவ்வியக்கம் கலைந்தது. அமைச்சர் பதவியோடு வந்த விட்டுக்கொடுப்பு கோரிக்கைகளோடு நிற்கவில்லை. 1966 யனவரி 8 ஆம் திகதி தமிழ் மொழி விசேட ஏற்பாடுகளின்கீழ் ஒழுங்குவிதிகள் பாராளுமன்றத்தின் முன் வந்தபோது, அவற்றை எதிர்த்து சிறீ லங்கா சுதந்திரக் கட்சியோடு இடதுசாரிக் கட்சிகளும் தொழிலாளரைத் தெருவில் இறக்கின. 1947 இல் என். எம். பெரேராவைப் பொலிசார் தாக்கியதும் கந்தசாமி வீழ்ந்ததும் ஒரே போராட்டத்தில். பத்தொன்பது ஆண்டுகள் நிரம்புமுன், அப்போராட்டத்தின் வாரிசுகள் எனத் தம்மைக் கூறிக்கொண்டோர், கந்தசாமியின் மொழிக்குக் கிடைக்கவிருந்த சிறு இடத்துக்கு எதிராக ஊர்வலம் சென்றனர். எமது இயக்கத்தின் தோல்வி இந்நாளிலேயே தொடங்கியது என்று கூறின் மிகையாகாது.

1977 இன்பின் திறந்த பொருளாதாரக் கொள்கையோடு இவ்விவாதம் புதிய வடிவம் பெற்றது. தொழிற்சங்கச் செல்வாக்கு முதலீட்டுக்குத் தடை என்ற ஆட்சியாளர், தமது கட்சிச் சங்கமாகிய ஜாதிக சேவக சங்கமயவை அமைச்சர் சிறில் மத்தியூவின் தலைமையில் ஒவ்வொரு வேலைத்தலத்திலும் வளர்த்தனர். அரசியற் செல்வாக்கு அவர்களுக்கு வெறுப்பூட்டவில்லை; தமது ஆணைக்குட்படாத செல்வாக்கே வெறுப்பூட்டியது. 1979 இல் இரு சட்டங்கள் வந்தன: ஒன்று பயங்கரவாதத் தடைச் சட்டம், மற்றது அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டம். முன்னையது வடக்கின் இளைஞரை நோக்கியது. பின்னையது தெற்கின் தொழிலாளரை நோக்கியது. முதற் சட்டம் தமக்குமானதே என்பதைப் பெரும்பாலான சங்கங்கள் உணரவில்லை.

1980 யூன் 5 ஆம் திகதி, கந்தசாமி வீழ்ந்து முப்பத்துமூன்று ஆண்டுகள் நிறைவெய்திய அதே நாளில், ஊழியரின் எதிர்ப்பு மறியலிற் சோமபால என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். 300 ரூபா சம்பள உயர்வும் வாழ்க்கைச் செலவுச் சுட்டெண்ணின் ஒவ்வொரு புள்ளிக்கும் 5 ரூபாவும் கோரி இரத்மலானைப் புகையிரதத் தொழிற்கூடத்தில் மூண்ட வேலைநிறுத்தம் யூலையிற் பரவியது. அவசரகாலநிலை பிரகடனமாயிற்று, பணிக்குத் திரும்பாதோர் பதவியைத் தாமே விட்டு விலகியோராகக் கருதப்பட்டனர். ஏறத்தாழ 40,000 பேர் வேலையிழந்தனர். தொண்டமான் அமைச்சரவையில் வீற்றிருந்தமையால் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஒதுங்கி நின்றது, மலையகம் கிளர்ந்தெழவில்லை. 1953 ஹர்த்தாலில் அரிசி விலை என்ற ஒரு கோரிக்கை விவசாயியையும் தொழிலாளியையும் இணைத்தது. அன்று நிதி அமைச்சராயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தனா அப்பாடத்தை மறக்கவில்லை. மறந்தவர் தொழிற்சங்கத் தலைவர்களே. வேலைநிறுத்தக்காரரைத் தாக்கிய குண்டர் படைகளின் கையை 1983 யூலையிலே தமிழ் மக்கள் கண்டனர். தொழிலாளர் அமைப்பு நொறுக்கப்பட்ட நகரில் இனவெறியைத் தடுத்து நிற்கும் சக்தி எஞ்சியிருக்கவில்லை.

மக்களின் வரிப்பணம் பற்றிய வாதத்தை நாம் அலட்சியஞ் செய்தலாகாது. வைத்தியசாலை வாயிலிற் காத்திருக்கும் ஏழை, வேலைநிறுத்தத்தாற் பாதிக்கப்படுவது உண்மை. அவனது நோவைத் தனது கோரிக்கைகளுள் ஒன்றாக்காத சங்கம் அவனது ஆதரவை எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் அவனது பெயராற் சங்கத்தைக் கண்டிப்போர் அவனுக்கு வைத்தியசாலையைப் பெருக்கித் தந்தவரல்லர். 2022 இன் பொருளாதார வீழ்ச்சியின்போது ஏப்ரில் 28 ஆம் திகதிப் பொது வேலைநிறுத்தமும் மே 6 ஆம் திகதி ஹர்த்தாலும் பல்துறையினரை ஒன்றிணைத்தன. 2023 இற் சர்வதேச நாணய நிதியத்துடனான உடன்பாட்டின் சூழலில், வரி உயர்வுக்கு எதிராகப் பொதுத்துறையினர் போராடியபோது அரசு கையிலெடுத்தது அதே 1979 ஆம் ஆண்டுச் சட்டத்தையே.

சட்டம் மாறவில்லை. சங்கங்கள் மாறியுள்ளனவா என்பதே நாம் கேட்க வேண்டியது. தோட்டத் தொழிலாளியையும், தற்காலிக ஊழியையையும், தன் மொழியிற் கடிதம் எழுதிப் பதில் கிடைக்காத தமிழ்க் குடியானவனையும் தன்னுடையவராகக் கொள்ளும் தொழிற்சங்கத்தை எந்தச் சட்டத்தாலும் எளிதிற் தனிமைப்படுத்த முடியாது. அவ்வாறு கொள்ளாத சங்கத்தைத் தனிமைப்படுத்தச் சட்டமே வேண்டியதில்லை. கந்தசாமியையும் சோமபாலவையும் ஒரே யூன் 5 இல் நினைவுகூரத் தொழிலாளர் இயக்கம் கற்றுக்கொள்ளுமாயின், அதன் செல்வாக்குப் பற்றி ஆட்சியாளர் கொள்ளும் அச்சம் அன்றே நியாயமானதாகும்.