கடற்கோட்டையும் அடைபட்ட குடாநாடும்

புங்குடுதீவின் இறுப்பிட்டியிலிருந்து வேலணை வழியே ஊர்காவற்றுறைத் துறைக்குச் செல்வோர், எதிரே காரைநகருக்கு இடைப்பட்ட நீர்ப்பரப்பில் சிறிய கற்கோட்டையொன்றைக் காண்பர். யாழ்ப்பாணக் கடனீரேரிக்கு மேற்கிலிருந்து வரும் கலங்களுக்கு வாயில் அதுவே. இலங்கையைப் பன்றித் தொடையின் வடிவாகக் கண்ட ஒல்லாந்தர், அத்தொடையின் குதிக்கால் என்னும் பொருளில் இதற்கு ஹமன்ஹீல் எனப் பெயரிட்டனர். நம்மவர்க்கு அது கடற்கோட்டை.

1619இல் பிலிப் தெ ஒலிவேரா யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியபின், நாடு போர்த்துக்கேயர் வசமாயிற்று. அதனை அவர்களிடமிருந்து பறிக்க 1658இல் வந்த ஒல்லாந்தத் தளபதி வான் கூன்ஸ், மதிலைத் தகர்ப்பதை மட்டும் நம்பவில்லை. பெப்ரவரியில் மன்னார் வீழ்ந்தது. உதவி வரவேண்டிய கோவாத் துறையின் வாயிலில் ஒல்லாந்தக் கப்பல்கள் காவல் நின்றன. எஞ்சிய வழி ஊர்காவற்றுறைக் கால்வாய்.

அக்காலப் பீரங்கிக் குண்டு குறி தவறாது தாக்கும் தூரம் சில நூறு யார்களே. எனினும் ஒடுங்கிய கால்வாய்க்கு அவ்வளவு போதும். நெடுந்தூரப் படைக்கலத்தின் பெரும்பயன் அழிப்பதில் இல்லை, எவரையும் அணுகவிடாமையிலேயே உள்ளது என்பது என் எண்ணம். ஆனால் காவல் காத்த கோட்டைக்கே நன்னீர் இல்லை. முற்றுகை இரண்டு வாரம் நீடித்தது. தாகம் தாளாது உள்ளிருந்தோர் பணிந்தனர்.

அதன்பின் யாழ்ப்பாணக் கோட்டை தனித்து நின்றது. உள்ளே போர்வீரர் மட்டுமா இருந்தனர்? குடும்பங்களும் குருமாரும் அடைக்கலம் புகுந்தோரும் நெருங்கிக் கிடந்தனர். பசியும் நோயும் பீரங்கியினும் மிகுதியாக உயிர் குடித்தன. ஜூன் மாதத்தில் கோட்டை கையளிக்கப்பட்டது. வென்றோர் பக்கத்தில் போதகர் பால்டேயஸ் நூல் எழுதினார், தோற்றோர் பக்கத்தில் றிபேறோ எழுதினார். பஞ்சத்தைத் தாங்கிய நம் குடியானவர் பக்கத்தில் ஏடொன்றும் எஞ்சவில்லை.

பீரங்கியின் எட்டம் பெருகியதே தவிர, நிலத்தின் அமைப்பு மாறவில்லை. 1990இல் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணக் கோட்டையைச் சூழ்ந்தபோது, அதனை மீட்க அரச படை தீவுகளிலேயே முதலில் இறங்கிற்று. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலுமாகத் தீவுகளின் மக்களிற் பெரும்பாலோர் ஊர்விட்டகன்றனர். இறுப்பிட்டியாரும் அவருள் அடங்குவர்.

2000 ஏப்ரலில் ஆனையிறவு புலிகளிடம் வீழ்ந்தது. நெடுந்தூரப் பீரங்கிகள் பலாலி ஓடுபாதையை அச்சுறுத்தின. குடாநாட்டிலிருந்த படையை உயிர்ப்பித்த வான்வழி அதுவே. 2006 ஆகஸ்டில் பூநகரிப் பக்கத்து எறிகணைகள் மீண்டும் பலாலியைத் தாக்கின. அதே மாதத்தில் கண்டி வீதியும் மூடப்பட்டது. இம்முறை அடைபட்டோர் கோட்டைக்குள் இருந்த சில ஆயிரவர் அல்லர், குடாநாட்டின் இலட்சக்கணக்கான மக்கள். அரிசியும் மாவும் சீனியும் கப்பலில் வந்தன. நோயாளரும் மாணவரும் திருகோணமலைக்குச் செல்லும் கப்பலில் இடம் வேண்டி, பெயர் பதிந்துவிட்டு நாட்கணக்கில் காத்திருந்தனர்.