சட்டாம்பிள்ளை கப்பலேறிய கதை

மாணவரை மையமாக வைத்துக் கற்பிப்பது மேல்நாட்டுச் சரக்கு என்றே பி.எட். படித்த பலரும் நினைத்திருக்கிறோம். தேர்வுக்காக மனப்பாடம் செய்த டூயி, ஃபுரோபெல், மான்டிசோரி ஆகிய கல்வியாளர்களின் பெயர்கள் அப்படி நினைக்க வைத்துவிட்டன. ஆனால் அந்த முறையின் முக்கியமான வேர் ஒன்று, பிள்ளைக்குப் பிள்ளையே சொல்லித்தருவது, நம்மூர்த் திண்ணையிலிருந்து கடல் கடந்து போனது.

திண்ணைப் பள்ளியில் வாத்தியார் ஒருவர்தான்; பிள்ளைகள் பல வயதினர். மணலைப் பரப்பி, விரலால் எழுதியபடியே உரக்கச் சொல்வார்கள். சின்னவன் கையைப் பிடித்து 'அ' எழுத வைப்பது, வாத்தியாருக்குத் துணையாக நின்ற மூத்த மாணவனான சட்டாம்பிள்ளையின் வேலை. ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவு கிடையாது. அரிச்சுவடி முடித்தவன் எண்சுவடிக்குப் போவான்; முடிக்காதவன் தன் போக்கில் வருவான். பிரம்படி கடுமை. பல சாதியினருக்குத் திண்ணை எட்டாத இடம் என்பதையும் மறைக்கக் கூடாது.

1789-இல் எழும்பூரில், படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான ஆதரவில்லத்தை நடத்த வந்தார் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். வழியில் கண்ட தமிழ்ப் பள்ளியின் மணலெழுத்து அவரைப் பிடித்துக்கொண்டது. தம் பள்ளியில் செய்து பார்க்கச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் மறுத்தார்கள். பெல் அந்தப் பொறுப்பை ஏறத்தாழ எட்டு வயதான ஜான் ஃபிரிஸ்கென் என்ற சிறுவனிடம் கொடுத்தார். பெரியவர்கள் முடியாது என்றதைச் சிறுவன் செய்து காட்டினான். ஆசிரியர்கள் சரியென்று தலையாட்டியிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது!

பிள்ளைக்குப் பிள்ளையே சொல்லித்தரும் இந்த முறை பற்றிய பெல்லின் அறிக்கை 1797-இல் லண்டனில் அச்சானது. மறுவருடமே ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞர் அதே நகரில் ஏழைகளுக்குப் பள்ளி தொடங்கி, அதுபோன்ற முறையைப் பரப்பினார். யார் முதலில் கண்டுபிடித்தது என்று இருவருக்கும் சண்டை. இங்கிலாந்துத் திருச்சபை பெல் பக்கம், பிற சபையினர் லங்காஸ்டர் பக்கம். நியூயார்க், பாரிஸ் என்று முறை பரவியது. தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் பொலிவாரின் ஆதரவில் லங்காஸ்டர் கராகஸ் வரை போனார். பெல்லுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் கல்லறை. அவர் பணத்தில் எழுந்த 'மெட்ராஸ் கல்லூரி' ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றும் நடக்கிறது. மணலைத் தந்த வாத்தியாரின் பெயரை இன்று யாரும் பேசுவதில்லை.

போன இடத்தில் முறை உருமாறியது. ஒரே ஆசிரியர் நூற்றுக்கணக்கானோரை மலிவாகச் சமாளிக்கும் வழியாக அதைப் பார்த்தார்கள். வரிசை, கட்டளை, மணியோசை வந்தன. திண்ணைப் பிள்ளை தன் போக்கில் படித்த உரிமை தொலைந்தது.

இங்கே சென்னை மாகாணத்தில் 1822-இல் ஆளுநர் தாமஸ் மன்றோ பள்ளிக் கணக்குக் கேட்டார். செங்கல்பட்டு ஜில்லாவில் மட்டும் 508 பள்ளிகள் என்று பதில் போனது. 1856-இல் சென்னையில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பிற்காலத்தில் சைதாப்பேட்டைக்கு இடம்பெயர்ந்தது. தேர்வு முடிவுக்கேற்பப் பள்ளிகளுக்கு மானியம் என்ற விதியும் வந்தது. முடிவு காட்டினால்தான் காசு என்றானபின் எல்லோரும் ஒரே பாடம், ஒரே வேகம்.

பிள்ளையைத் தன் போக்கில் படிக்கவிடும் முறையோடு 1939-இல் மரியா மான்டிசோரி அடையாறுக்கு வந்தார். சில மாதங்களுக்கென வந்தவர், போர் காரணமாக 1946 வரை இந்தியாவில் தங்க நேர்ந்தது. அந்தத் தற்செயல், அவரிடம் பயிற்சி பெற்ற ஏராளமான ஆசிரியர்களை நமக்குத் தந்தது.

2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார், ரிஷிவேலிப் பள்ளியின் பாட அட்டைகளையும், பிள்ளை தன் வேகத்தில் ஏறும் கற்றல் ஏணியையும் மாநகராட்சிப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். அதுவே செயல்வழிக் கற்றல். சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. நான்கு வகுப்புப் பிள்ளைகள் ஒரே பாயில். தரையையொட்டி ஆளுக்கொரு கரும்பலகை. குழுக்களில் ஒன்றின் பெயர் 'சக மாணவர் உதவிக் குழு'. சட்டாம்பிள்ளை பிரம்பில்லாமல் திரும்பி வந்துவிட்டான்! 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகத்தான் பிரித்தது.

ஆனால் அட்டையும் பாயும் போதாது. ஆசிரியர் மனது மாற வேண்டும். அது பயிற்சியின்போதே நடக்க வேண்டும். மாணவர் மையக் கல்வி என்ற பாடத்தையே குறிப்பு சொல்லி எழுதவைத்தால், அந்த ஆசிரியர் நாளை திருக்கழுக்குன்றத்திலோ திருப்போரூரிலோ குறிப்புதான் சொல்வார்.  தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் கல்வியியல் கல்லூரிகளிலும் பாடம் சொல்பவர்களிடம் ஒரே வேண்டுகோள்: பயிற்சி மாணவர்களை முதலில் ஒருவருக்கொருவர் சொல்லித்தர விடுங்கள்.