யோப்பா உடன்படிக்கையும் எருசலேம் மதிலும்

சிலுவைப் போர்க் காலத்தில் வாளெடாமலே எருசலேம் கைம்மாறியதும் உண்டு. கி.பி. 1229 பிப்ரவரியில் தூய உரோமைப் பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கும் எகிப்துச் சுல்தான் அல்-காமிலும் யோப்பாவில் பத்தாண்டுப் போர்நிறுத்தம் செய்துகொண்டனர். எருசலேமும் பெத்லகேமும் நாசரேத்தும் கிறித்தவர்க்கு உரியவாயின. எனினும், எருசலேமில் பாறைக் குவிமாடமும் அல்-அக்சா பள்ளிவாசலும் முசுலிம்களிடமே நின்றன.

இதன் முழு மூலம் கிடைத்திலது. விதிகள் சிலவற்றை நமக்கு எஞ்சுவித்தவர், இதனை வெறுத்த எருசலேம் மறைமுதல்வர் கெரோல்டு ஆவார். பழிக்கும்பொருட்டே அவர் அவற்றைத் தம் மடலில் எடுத்தெழுதினார். பகைவர் தந்த சான்றாதலின், அதனைப் பிற சான்றுகளோடு ஒப்புநோக்கியே கொள்ளல் வேண்டும்.

எருசலேம் மதிலைப் பற்றி அச்சான்றுகள் தம்முள் முரணுகின்றன. நகரைப் புதுக்கி அரண்செய்யும் உரிமை பெற்றதாகப் பேரரசர் எழுதினார்; மதிலைப் புதுக்கலாகாது என்பதே விதி என்று அரபு வரலாற்றாசிரியர் இபுன் வாசில் குறித்தார். இவருள் ஒருவர் பொய்த்தார் எனல் எளிது. ஆயின் அஃது ஆய்வாகாது. பிரெடரிக் திருத்தந்தையால் சபையினின்றும் விலக்கப்பட்டிருந்தார். அல்-காமிலைக் கண்டித்துத் தமாசுகசுப் பள்ளிவாசலில் உரை நிகழ்ந்தது. இருவர்க்கும் தத்தம் மக்களுக்கு விடையிறுக்கும் கடன் இருந்தது. ஆதலின் இருவகையாகவும் பொருள்கொள்ளுமாறு அவ்விதி நெகிழ்வாக அமைந்திருத்தல் கூடும் எனக் கருதுகிறோம்.

அந்நெகிழ்ச்சி உடன்பாட்டை எளிதாக்கியிருக்கலாம், நகரைக் காத்திலது. 1239இல் தவணை முடிந்தபின், அவ்வாண்டிலேயே, போதிய அரணின்றி நின்ற எருசலேமைக் கரக்கு மன்னர் அந்-நாசிர் தாவூது கைப்பற்றினார்.