நிறைசினை ஆடும் மேய்ப்பர் தொபாந்தோனும்

செம்மறி ஆடு சினை சுமப்பது ஏறக்குறைய 150 நாள். எந்தக் கோனாரைக் கேட்டாலும் இந்த ஐந்து மாதக் கணக்கைச் சொல்லிவிடுவார். இதில் கடைசி ஆறு வாரம்தான் கண்டம். குட்டியின் எடையில் பெரும்பங்கு அப்போதுதான் கூடுகிறது. வயிற்றில் குட்டி பெருக்கப் பெருக்க இரைப்பைக்கு இடம் குறையும். தேவை கூடும் நேரத்தில் ஆட்டால் நிறையத் தின்ன முடியாது. இரட்டைக் குட்டியாக இருந்து தீனியும் போதாவிட்டால், தாய் தன் உடம்புக் கொழுப்பையே கரைக்கும். பிறகு தள்ளாடி, இரை எடுக்காமல், படுத்தபடியே போய்விடும்.

18ஆம் நூற்றாண்டு பிரான்சில் சினையாடுகளுக்கு இந்த ஆபத்தோடு இன்னொன்றும் சேர்ந்தது. பனிக்காலத்தில் ஆடுகளைக் கொட்டகையில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடிவிடுவார்கள். ஆடு குளிர் தாங்காது என்ற நம்பிக்கை ஒரு பக்கம், எரு சேரட்டும் என்ற ஆசை இன்னொரு பக்கம். புழுக்கம், மூத்திர நெடி, ஈரம் எல்லாவற்றிலும் நிறைசினை ஆடுகள் மாதக்கணக்கில் கிடந்தன. அன்பு காட்டுவதாக நினைத்துக்கொண்டே கொன்றார்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

இதை மறுத்துச் சோதனை செய்து காட்டியவர் லூயி தொபாந்தோன். 1716இல் புர்கோஞ் பகுதியின் மோன்பார் ஊரில் பிறந்த மருத்துவர். அதே ஊர்க்காரரான புஃபோன் எழுதிய பெரிய இயற்கை வரலாற்று நூலுக்கு விலங்குகளை அறுத்து, அளந்து, எடை போட்டுக் கொடுத்தவர். நாங்கள் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் புஃபோனை நடைக்காகப் புகழ்ந்து பாடம் வைத்தார்கள். தொபாந்தோன் பெயர் ஓரத்தில்கூட வரவில்லை. அலுவலகத்திலும் கோப்பைத் தயாரிப்பவர் ஒருவர், கையெழுத்திடுபவர் வேறொருவர்தானே!

நயமான கம்பளிக்கு அப்போது பிரான்சு ஸ்பெயினை நம்பியிருந்தது. அந்த நிலையை மாற்ற, 1766 வாக்கில் அரசு அதிகாரி திரூதேன் கேட்டுக்கொண்டதால் தொபாந்தோன் மோன்பாரில் மந்தை வைத்தார். ஆண்டு முழுவதும் கூரையில்லாமல், மழையிலும் பனியிலும் திறந்தவெளியில். நம் பக்கம் வயலில் கிடை போடுவார்களே, அதுதான் அவருடைய ‘பார்க்’. ஆடு அசைபோடும் விதத்தையும் உடல்வாகையும் ஆராய்ந்து 1768இல் எழுதினார். கம்பளியே ஆட்டுக்குப் போர்வை, அதைக் கெடுப்பது குளிரைவிடப் புழுக்கமும் ஈரமும் என்பது அவர் கட்சி. 1782இல் மேய்ப்பர்களுக்காக ஒரு நூல் வெளியிட்டார். முழுவதும் கேள்வி பதில், ஞானோபதேசப் புத்தகம் போல. படிக்கத் தெரியாத மேய்ப்பனுக்கும் யாராவது வாசித்துக் காட்டினால் மனதில் நிற்கும்.

காற்று விஷயத்தில் அவர் சொன்னது சரி. ஆனால் காற்று மட்டும் வயிற்றை நிரப்பாதே. சினையாட்டுக்குப் பனிக்காலத்தில் நல்ல உலர்புல் வேண்டும், கடைசி வாரங்களில் கொஞ்சம் தானியமும் வேண்டும். குதிரைமசால் போன்ற விதைத்த தீவனம் பரவிய பிறகுதான் பல ஊர்களுக்கு அது கிட்டியது. ஸ்பெயின்காரர்கள் இதை வேறு வழியில் தீர்த்திருந்தார்கள். 1273இல் அரச ஆதரவு பெற்ற மெஸ்தா என்ற மந்தைக்காரர் சங்கத்தின் மெரினோ ஆடுகள், இலையுதிர் காலத்தில் சினையோடு பல நூறு கிலோமீட்டர் தெற்கே நடந்து எஸ்த்ரமதூரா போகும். அங்கே குளிர் லேசு, மழைக்குப் பின் புல் துளிர்க்கும். அந்தப் பருவத்தில்தான் குட்டி போடும்.

அந்த மெரினோவை 16ஆம் லூயி மன்னர் ஸ்பெயின் அரசரிடம் கேட்டு வாங்கினார். 1786 ஜூனில் செகோவியாவிலிருந்து நடந்த மந்தை அக்டோபரில் ராம்பூயே பண்ணையை அடைந்தது. வந்து சேர்ந்தவை 350க்கு மேல்.

பிறகு புரட்சி. மன்னர் தலை போயிற்று, மந்தை பிழைத்தது. தொபாந்தோனுக்குப் பாரீசில் பதவியில் நீடிக்க நற்குடிமகன் சான்றிதழ் தேவைப்பட்டது. அறிஞர் என்றால் சந்தேகப்படும் காலம் அது. ஆடு வளர்ப்பவர் என்று சொல்லப்படவே, ‘மேய்ப்பர் தொபாந்தோன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எண்பதை நெருங்கிய விஞ்ஞானியை மேய்ப்பர் பட்டம் காப்பாற்றியது.

ராம்பூயே மந்தை அந்தப் பண்ணையிலேயே இன்றும் வழிவழியாக இருக்கிறது. அந்த இனத்தின் ரத்தம் நம் பக்கமும் வந்திருக்கிறது. கொடைக்கானலுக்கு அப்பால் மன்னவனூர் மத்திய அரசு ஆட்டுப் பண்ணையில் ‘பாரத் மெரினோ’ என்று வளர்க்கிறார்களே, ராஜஸ்தான் ஆடுகளோடு ராம்பூயே, மெரினோ கிடாய்களைச் சேர்த்து உருவானவைதான் அவை.