எரிபொருள் பம்ப் கசிவு (பழைய பெட்ரோல் கார்கள்)

அம்பாசடர் காரின் (2014 வரை உத்தரபாராவில் தயாரானது) பெட்ரோல் எஞ்சினில், கேம்ஷாஃப்ட் அசைக்கும் நெம்புகோல் ரப்பர் டயாப்ரத்தை இழுத்துவிட, டாங்கிலிருந்து பெட்ரோல் கார்புரேட்டருக்கு ஏறுகிறது. பட்டறைகளில் இந்த எரிபொருள் பம்புக்கு ‘ஏ.சி. பம்ப்’ என்று பெயர்.

பம்பைத் துடைத்து உலர்த்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஈரம் முதலில் தோன்றும் இடத்தைப் பார்க்க வேண்டும். குழாய் இணைப்பிலோ மூடியின் விளிம்பிலோ என்றால் முறுக்கினாலே போதும், மிஞ்சினால் கேஸ்கெட்டை மாற்ற வேண்டும். அடிப்பக்கச் சிறுதுளையில் பெட்ரோல் சொட்டினால் டயாப்ரம் கிழிந்திருக்கிறது. எண்ணெய் சொட்டினால் டயாப்ரத்தை இழுக்கும் தண்டின் சீல் தேய்ந்திருக்கிறது.

வெளியே தெரியாத கசிவுதான் ஆபத்தானது. கிழிந்த டயாப்ரம் வழியே பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் மட்டம் உயர்ந்து, ஆயில் நீர்த்து, பெட்ரோல் வாடை அடித்தால் வண்டியை ஓட்டக் கூடாது: பேரிங்குகள் தேயும், தீப்பிடிக்கவும் கூடும். பம்பைச் சரிசெய்தபின் ஆயிலையும் மாற்றியாக வேண்டும். பலர் தவிர்க்கும் செலவு இது.

டாங்க் பக்கக் குழாயில் விரிசல் இருந்தால் சொட்டு விழாமலே போகலாம். காற்று புகுந்து எஞ்சின் திணறும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கும் என்பதால், அதைத் தாங்கும் டயாப்ரம் போடுவது நல்லது.